ரோட்டிலும் போகும்

ஆவாரங்குளம்,
17-1-1988

அன்பு மச்சான் ஆஸ்டினுக்கு,

நலம் விசாரிப்பை உன் தங்கச்சி ஷீலா தனியாக எழுதுவாள். இது வண்டிக் கடிதம். உன் பாதிப் பணமும் என் பாதிப் பணமும் சேர்ந்து போன வாரம் மதுரை ஏலத்தில் ஒரு ஜீப்பாக மாறிவிட்டது. இனிமேல் நாம் இரண்டு பேரும் முதலாளிகள். சவுதியில் யாராவது அதட்டினால் சொல்லிக்கொள்.

பழைய பச்சை நிறம், ஓரமெல்லாம் துரு. கதவு கிடையாது. மேலே தார்ப்பாய். சீட்டு என்று எழுதுவது ஒரு மரியாதைக்குத்தான். என் இடது காலடியில் ஓர் ஓட்டை, அதன் வழியே ரோடு ஓடுவது தெரிகிறது. ஷீலா குனிந்து பார்த்துவிட்டு, "நல்லதுதான், ரோடு கீழதான் இருக்கான்னு பாத்துக்கிட்டே போகலாம்" என்கிறாள்.

மதுரையிலிருந்து காரியாபட்டி வரை எனக்கும் ஸ்டியரிங்குக்கும் சண்டை. நான் திருப்பினால் அது கொஞ்சம் யோசித்துவிட்டுத் திரும்புகிறது. பிரேக்கு இரண்டாவது மிதிக்குத்தான் மதிக்கிறது. செல்ப் சரியில்லை. காலையில் யாராவது தள்ளிவிட்டால், இரண்டாம் கியரில் கிளட்சை விட்டுத்தான் இஞ்சினை எழுப்ப வேண்டும். பாளையம்பட்டியில் காற்றடித்தவன் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். "ஏண்ணே, இது லாரியும் இல்ல, காரும் இல்ல. எதுக்கு வாங்குனீக?"

எதுக்கு என்பது திருச்சுழி தாண்டியதும் தெரிந்தது. ரோட்டை விட்டு குண்டாற்றுக்குள் இறக்கினேன். மாட்டு வண்டி அச்சுவரை புதையுமே, அந்த மணல். பெரிய கியருக்குப் பக்கத்தில் குட்டையாக இன்னொரு கம்பி இருக்கிறது. அதை இழுத்தேன். நான்கு சக்கரமும் ஒன்றாகப் பிடித்தது மச்சான்! முன்னால் இரண்டு பேர் இழுத்து, பின்னால் இரண்டு பேர் தள்ளுகிற மாதிரி. அக்கரை ஏறிக் கருவேலங்காட்டில் புகுந்து, நம் கண்மாய்ச் சேற்றில் இறங்கினேன். கரிசல் மண் டயரில் அப்பி ஒவ்வொன்றும் உரல் கனத்துக்கு ஆனது. அப்படியும் நிற்கவில்லை. கரைமேல் ஏறி நிறுத்தியதும் கத்த வேண்டும் போல இருந்தது. கத்தினேன். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பால்பாண்டி ஓடிவந்து, "என்ன மாப்ள, பிரேக்கு போச்சா?" என்றான்.

நாளையிலிருந்து ஆள் ஏற்றிப் போகலாம், மிளகாய் லோடு அடிக்கலாம். இந்த ஊருக்குப் பஸ் வரும் என்று எத்தனை எலெக்சனுக்குக் கேட்டிருப்போம்? பஸ் வந்துவிட்டது. நம்முடையது.

உன் மச்சான்,
இன்பராஜ்


தம்மாம்,
5-2-1988

பிரியமுள்ள மாப்பிள்ளை,

உன் கடிதத்தை எங்கள் அறையில் எல்லாருக்கும் சத்தம் போட்டு வாசித்தேன். கேரளாக்காரன் ஒருவன், ஓட்டை வழியாக ரோடு பார்க்கிற வண்டிக்கு டிக்கெட் எவ்வளவு என்று கேட்கிறான்.

நான் இங்கே பாலைவனத்தில் கம்பெனி பிக்கப் ஓட்டுகிறேன், எனக்கு மணல் தெரியும். மணலில் இறக்குமுன் டயரில் காற்றைக் குறை. நடுவில் கியர் மாற்றாதே. சிக்கினால் இஞ்சினை உறுமவிடாதே, இன்னும் புதையும்.

ஒன்று எழுதாமல் விட்டிருக்கிறாய். கண்மாய் வழியாகத்தான் வீட்டுக்குப் போயிருக்கிறாய். நம் தெருவிலிருந்து ரோட்டுக்கு வர மேலத்தெரு ஒன்றுதானே வழி. அங்கே நம் ஆட்கள் சைக்கிளில் உட்கார்ந்து போனதில்லை, உருட்டிக்கொண்டுதான் போவோம். ஜீப்பை என்ன செய்தாய்?

உன்னிடம் கேட்கவே பயமாக இருக்கிறது. நான் கட்டுகிற புது வீட்டுக்குச் சுவர் எழும்பிவிட்டது என்று அப்பா எழுதியிருந்தார். கான்கிரீட் போட மணலும் ஜல்லியும் அந்தத் தெரு வழியாகத்தான் வர வேண்டும். ஞாபகம் வைத்துக்கொள்.

அன்புடன்,
ஆஸ்டின்


ஆவாரங்குளம்,
28-2-1988

அன்பு மச்சானுக்கு,

ஜீப்பை என்ன செய்தேன் என்று கேட்டாயே. தள்ளுகிறேன்.

முதல் நாள் காலை ஓட்டிக்கொண்டுதான் போனேன். ஷீலாவும் ஐந்தாறு பேரும் பின்னால். மேலத்தெரு முக்கில் பெரிய வீட்டு ராமசுப்பு மகன் அழகுராஜா குறுக்கே நின்றான். மூன்றாம் வகுப்பில் உன் அப்பாவிடம் என்னோடு படித்தவன்.

"ஏலே, நிறுத்து. இது எந்தத் தெருன்னு தெரியுதா?"

"தெரியுது. பஞ்சாயத்து தார் ரோடு."

"சைக்கிளையே உருட்டிக்கிட்டுத்தான போவீக? இது சைக்கிள விடப் பெருசா சின்னதா?"

"பெருசுதான்."

"அப்ப எறங்கித் தள்ளு."

கேலி என்று நினைத்துச் சிரித்தேன். சுற்றி நின்ற யாரும் சிரிக்கவில்லை.

சாயங்காலம் உன் அப்பாவைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். நானும் போனேன். ராமசுப்பு கட்டிலில் உட்கார்ந்துகொண்டு நியாயமாகப் பேசினார். "வாத்தியாரே, வண்டி வாங்கக் கூடாதுன்னு நாங்க சொல்லலையே. இஞ்சினு அமந்திருக்கணும், ஆளு எறங்கியிருக்கணும். வேற என்ன கேட்டோம்?" உன் அப்பா நின்றபடியே தலையாட்டிவிட்டு வந்துவிட்டார். முப்பது வருசமாக அதே தெருவில் சைக்கிள் உருட்டியவர், அவர்கள் பிள்ளைகளுக்கு எல்லாம் எழுத்து சொல்லிக்கொடுத்தவர்.

ஆக, முக்கு வந்ததும் இஞ்சினை அமத்துகிறேன். எல்லாரும் இறங்கி நடக்கிறார்கள். நான் வெளியே நின்று ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொள்ள, பால்பாண்டி ஆட்களோடு பின்னால் தள்ளுகிறான். போன வாரம் ராமசுப்பு வீட்டு மிளகாய் மூட்டைகளை அருப்புக்கோட்டைக்கு ஏற்றினோம். ஏற்றியது கிழக்கே, நம் தெருப் பக்கம் இருக்கிற அவர் களத்தில், அதனால் அதையும் தெரு முழுக்கத் தள்ளினோம். மூட்டைகள் இறங்க வேண்டியதில்லையாம். வண்டியிலேயே இருக்கலாமாம்.

ஆற்றில் போகிறது, சேற்றில் போகிறது, கரையில் ஏறுகிறது. உலகத்திலேயே அந்த ஒரு தெருவில்தான் நம் வண்டி ஓடாது.

இன்பராஜ்


தம்மாம்,
20-3-1988

மாப்பிள்ளை,

கோபப்படாமல் வாசி. இருநூறு அடித் தெரு. தள்ளினால் என்ன தேய்ந்துவிடும்? அது கூடாது என்றால் கண்மாய் வழியாகப் போ. மழைக்காலம் வரும்வரை தண்ணீர் கிடையாது. அதற்குத்தானே அந்த வண்டி வாங்கினோம்? எங்கே வழி இல்லையோ அங்கே போகிற வண்டி நம்மிடம் இருக்கும்போது, வழி விடாதவனிடம் எதற்கு மல்லுக்கு நிற்க வேண்டும்?

ஷீலாவை அதிகம் கூட்டிக்கொண்டு அலையாதே. மே மாதம் கான்கிரீட். அதுவரை பொறு.

ஆஸ்டின்


ஆவாரங்குளம்,
24-4-1988

மச்சான்,

நீ சொன்னதை யோசித்தேன். வழி இல்லாத இடத்தில் போவதற்கு வண்டி வாங்கினோம், சரி. வழி இருக்கிற இடத்தில் போவதற்கு இன்னும் என்ன வாங்க வேண்டும்? அதை நீ எழுதவில்லை.

போன வாரம் சனிக்கிழமை. வண்டியில் கரி மூட்டை, கூட எட்டுப் பேர். முக்கில் இஞ்சினை அமத்தினேன். அவர்கள் சொன்ன மாதிரி எல்லாரும் இறங்கினார்கள். ஷீலா முன்னால் நடந்தாள். பால்பாண்டியும் ஆட்களும் தள்ளினார்கள். நான் மட்டும் இறங்கவில்லை. "ஏலே, நீ எறங்கலையா?" என்று யாரோ கத்தினார்கள். வண்டி அதற்குள் வேகம் பிடித்திருந்தது. இரண்டாம் கியரில் போட்டிருந்தேன். ராமசுப்பு வீட்டு வாசலுக்கு நேராகக் கிளட்சை விட்டேன்.

ஒரே குலுக்கு. இஞ்சின் பிடித்துக்கொண்டது. தள்ளத்தான் சொன்னார்கள், தள்ளினால் அந்த வண்டி என்ன செய்யும் என்று அவர்களுக்குத் தெரியாதது என் குற்றமா?

பால்பாண்டி குப்புற விழுந்தான். எழுந்து ஓடிவந்து பின்னால் தொற்றிக்கொண்டு, "சொல்லிட்டுச் செய்ய மாட்டியாலே? மூக்கு போச்சு!" என்று ரத்தத்தோடு சிரிக்கிறான். தெரு நடுவில் இரண்டு மிதி மிதித்து நிறுத்தினேன். ஷீலா நின்ற இடத்திலேயே நின்றாள். ஒரு நொடி என்னைப் பார்த்தாள், ஏறி உட்கார்ந்தாள். "இஞ்சின அமத்திறாதீக" என்றாள். மற்றவர்களும் ஓடிவந்து ஏறினார்கள்.

திரும்பி வரும்போது ஒரு கல் இடது லைட்டை எடுத்துக்கொண்டது. இன்று காலையும் ஓட்டிக்கொண்டுதான் போனேன்.

உனக்கு மறைக்க விரும்பவில்லை. உன் வீட்டுக்கு வந்த மணல் லாரியை முக்கில் மறித்துவிட்டார்கள். டிரைவர் ஊருக்கு வெளியே கொட்டிவிட்டுப் போய்விட்டான். உன் அப்பா என்னோடு பேசுவதில்லை. சமாதானம் பேச வந்த தாலுகா ஆபீஸ் அதிகாரியும் உன்னை மாதிரியேதான் சொன்னார். "ஏம்ப்பா, ஒங்க வண்டி காடுமேடெல்லாம் போகுமாமே? கண்மாய்க்குள்ள போயிற வேண்டியதுதான?"

"ரோட்டுலயும் போகும் சார்" என்றேன்.

இன்பராஜ்


தம்மாம்,
15-5-1988

இன்பராஜுக்கு,

வண்டியை விற்றுவிடு. அருப்புக்கோட்டை புரோக்கரிடம் கொடு, வந்த விலைக்குப் போகட்டும். என் பாதியை அப்பாவிடம் கொடுத்துவிடு.

உனக்கு அங்கே வீராப்பு. நான் இங்கே எங்கே உட்கார வேண்டும், எங்கே சாப்பிட வேண்டும் என்று எவன் எவனோ சொல்லக் கேட்டுக்கொண்டு நாலு வருசம் இருந்தது அந்த வீட்டுக்காக. இப்போது கூரை இல்லாத நாலு சுவர் நிற்கிறது. நீ கிளட்சை விட்டதும் எல்லாம் மாறிவிட்டதா? லைட்டுக்கு விழுந்த கல் நாளைக்கு என் தங்கச்சி தலையில் விழுந்தால் என்ன செய்வாய்?

அவளிடம் கேட்டாயா?

ஆஸ்டின்


ஆவாரங்குளம்,
10-7-1988

அன்பு மச்சானுக்கு,

உன் கடிதத்தை ஷீலாவிடம் கொடுத்தேன். வாசித்துவிட்டு, "எந்தலைதான? எங்கிட்டயே கேட்டு எழுதச் சொல்லுங்க" என்றாள். அதனால் தாமதம். உனக்கு அவள் எழுதிய கடிதம் கிடைத்திருக்கும், காரமாகத்தான் இருக்கும்.

நான் வண்டியை விற்கவில்லை. என்ன நடக்கிறது என்று சொல்கிறேன்.

விறகெரித்துக் கரிமூட்டம் போடும் மாரீஸ்வரியைத் தெரியுமல்லவா, நம் தெருக் கடைசி வீடு. ஒரு நாள் தலை சீவிப் பூ வைத்துக்கொண்டு வந்து ஏறினாள்.

"எங்கக்கா போகணும்? திருச்சுழியா?"

"எனக்குத் திருச்சுழியில என்ன வேல? அந்தத் தெருவு முடியிற வரைக்கும் போகணும்."

தெரு முடிந்ததும் இறங்கி, கண்மாய் வழியாக வேலைக்கு நடந்து போனாள். மறுநாள் மூன்று பேர். இப்போது தினம் யாராவது ஏறுகிறார்கள். ஊருக்குப் போகிறவர்களுக்கு இடமில்லை, தெருவுக்குப் போகிறவர்களே வண்டியை நிறைக்கிறார்கள். பால்பாண்டி, "இப்பிடியே போனா டீசலுக்கு ஆட்ட விக்கணும்டா" என்று புலம்புகிறான். புலம்பிக்கொண்டே கைகொடுத்து ஏற்றுகிறான்.

கல் விழுவது நின்றுவிட்டது என்று பொய் எழுத மாட்டேன். போன வாரம் தார்ப்பாயைக் கிழித்திருந்தார்கள். தைத்தோம்.

போன ஞாயிறு சர்ச்சுக்குப் புறப்படும் வெள்ளைச் சட்டையில் உன் அப்பா வந்தார். இரண்டரை மாதமாக முகம் பார்க்காதவர். முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். "ஓட்டு" என்றார். தெருவில் நுழைந்ததும் முன்கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். ராமசுப்பு வாசலில் நின்றார். நான் அவரைப் பார்க்கவில்லை, உன் அப்பா பார்த்தார். தெரு முடிந்தது.

"திருப்பு" என்றார்.

"எங்க மாமா?"

"வந்த வழிதான். மெதுவாப் போ. எதுக்குக் களவாண்டவன் மாதிரி ஓடுற?"

மெதுவாக ஓட்டினேன் மச்சான். முதல் கியரில். அந்தத் தெருவில் எத்தனை வீடு, எந்த வீட்டில் வேப்பமரம் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

ஊருக்கு வெளியே கிடந்த உன் மணலை ஜீப்பில் அள்ளிக்கொண்டு வருகிறோம். நடைக்குக் கொஞ்சம்தான் ஏறுகிறது. உன் அப்பா முன்னால் உட்கார்ந்திருக்க, தெரு வழியாகத்தான். முக்கால்வாசி வந்துவிட்டது. ஜல்லியும் அப்படியே வரும். கான்கிரீட் போட்டுவிடலாம்.

இன்னொன்று எழுதச் சொன்னார். உனக்கு வேண்டாம் என்றால் உன் பாதியைத் தன் ரிட்டையர்மென்ட் பணத்தில் அவரே வாங்கிக்கொள்கிறாராம். சரியா இல்லையா என்று மட்டும் பதில் போடு.

இன்பராஜ்


தம்மாம்,
31-7-1988

பிரியமுள்ள மாப்பிள்ளை,

அப்பாவிடம் சொல், என் பாதி விற்பனைக்கு இல்லை. அந்தப் பணத்தில் அவர் கண்ணுக்கு ஆபரேசன் செய்துகொள்ளட்டும்.

ஷீலாவின் கடிதம் வந்தது. அதில் இருப்பதை எங்கள் அறையில் சத்தம் போட்டு வாசிக்க முடியாது.

டிசம்பர் இருபதாம் தேதி லீவில் வருகிறேன். மதுரையிலிருந்து பஸ்ஸில் திருச்சுழிக்கு வந்துவிடுவேன். வண்டியோடு வந்து நில். பெட்டியெல்லாம் பின்னால் போடு. நான் முன்னால் உட்கார்ந்துகொள்கிறேன், அல்லது அப்பா வந்தால் பின்னால்.

ஒன்று சொல்லிவைக்கிறேன். மேலத்தெரு முக்கு வந்ததும் என் கால் தானாக இறங்கப் பார்க்கும். சின்ன வயதிலிருந்து அதைப் பழக்கியிருப்பது அப்படி. நிறுத்து நிறுத்து என்று நானே உன் தோளைப் பிடித்து உலுக்கினாலும் உலுக்குவேன்.

நீ நிறுத்தாதே.

உன் மச்சான்,
ஆஸ்டின்