ஏழு மாசம் போடாத கையெழுத்து

அம்மாவுக்கு, ஷார்ஜாவிலேர்ந்து ஜோசுவா ஸ்தோத்திரம் சொல்லி எழுதறது. முட்டிவலி இப்ப எப்படிக் கீது? எனக்கு ஒரு குறையும் இல்ல.

அப்பா தவறினப்புறம், அவரு வேலையை தம்பிக்கு தர்றதுக்கு நாம எல்லாரும் கையெழுத்து போடணும்னு கும்மிடிப்பூண்டி மில்லுல குடுத்த பேப்பரை இதோட அனுப்பறேன். ஏன் கையெழுத்து போடலனு நீ கேக்கறப்பல்லாம் டைம் இல்லன்னேன். பொய். வெள்ளிக்கிழமை லீவுல எடுத்து வெப்பேன், உடனே பாத்ரூம் கழுவணும்னு தோணும். "டேய், அந்த பேப்பரை எடு, பாத்ரூம் நாறுது"னு ரூம்ல கிண்டல் பண்றானுங்க. நானும் சிரிச்சுக்கினு கழுவுவேன்.

சோம்பேறித்தனம் இல்லம்மா. அதுல "பாக்கியநாதன் தன் கவனக்குறைவால் இறந்தார்"னு ஒரு வரி கீது. நான் கையெழுத்து போட்டா அது உண்மையாயிடும். மிஷின் ரோலருக்கு, கை உள்ள போவாம தடுக்கற மூடி இல்லனு அப்பா மூணு தடவை சொன்னாரு. மிஷினை நிறுத்தணுமேனு, "நாளைக்கு மாட்டலாம்"னே ஓட்டினானுங்க. அவனுங்க தள்ளிப்போட்டதுல அப்பா போனாரு. நான் தள்ளிப்போட்டதுல, அப்பா வேலை கிடைக்காம தம்பி ஸ்டீவன் ஊட்ல உக்காந்துக்கினு கீறான்.

போட்டுட்டேன்.

அப்பாவோட டிபன் பாக்ஸை மட்டும் அவனுக்கு குடுக்காத. யார்னா இங்க வந்தா எனக்கு குடுத்தனுப்பு.

டூட்டி பஸ் ஆரன் அடிக்குது. ஸ்டீவனை மொத நாளே ரோலருக்கு மூடி கீதானு பாக்கச் சொல்லு. எவனாவது "நாளைக்கு"ன்னா, அப்பவே ஊட்டுக்கு வந்துடட்டும்.

ஜோசுவா