பங்கருக்குள் பதினேழு டியூப்

மார்ச் 4, புதன்
டிஜிட்டல் ஒளிபரப்பு வந்ததில் ஊரிலுள்ள பழைய டிவி எல்லாம் செத்துப்போச்சு. அக்கராயனில் சேகரிப்பு நிலையம் திறந்தாச்சு. இலத்திரனியல் டிப்ளோமா முடித்த நான் அங்கே பிணப் பதிவாளன். விதி ஒன்றுதான்: முழு டிவி மட்டும் எடுக்க வேண்டும். திறப்பு விழாவுக்கு டிவியைவிட மாலைதான் கூட வந்தது.

மார்ச் 9
பழைய இரும்பு எடுக்கிற ரஜிதன் அண்ணை லான்ட்மாஸ்டர் உழவு யந்திரத்தில் பதினேழு டிவிப் படக்குழாய், அதுதான் டியூப், கொண்டுவந்தார். பெட்டியில்லை, செம்பும் கழற்றியாச்சு. வெறும் கண்ணாடி.
"முழு டிவிதான் எடுப்பம் அண்ணை."
"முழுசாக் கிடந்தா உன்னட்டை ஏன் தம்பி வாறன்?"
நியாயமான கேள்வி. திருப்பி அனுப்பினேன். கடமை தவறாத உத்தியோகத்தன், வாழ்க.

மார்ச் 10
ஒரு டியூபில் ஒரு கிலோவுக்கு மேலே ஈயம் இருக்கும். எங்கே கொண்டுபோய்ப் போட்டிருப்பார்? கேட்டிருக்கலாம்.

மார்ச் 12
அவர் வீட்டுக்குப் போனேன். மனைவி ஜெயரூபி அக்கா பெருமையாகக் காட்டினா: "சண்டை நேரம் ஒளிக்க வெட்டின பழைய பங்கருக்கை போட்டாச்சு தம்பி. மண்ணைத் தள்ளினா வளவும் மட்டமாகும்."
பங்கரிலிருந்து கிணறு பத்து அடி!
ஈயத்தைப் பற்றி ஒரு விரிவுரை. அணு எண்ணும் சொன்னேன் போல. அண்ணை சிரித்தார்: "செல்லடிக்கே தப்பினனாங்கள். டிவிக்கோ சாகப்போறம்?"
இதுக்கு டிப்ளோமாவிலை பாடம் இல்லை. கத்திப்போட்டன் — "அந்தத் தண்ணியைத்தானே குடிக்கிறியள்!"
"கத்தாதையும் தம்பி. கொண்டுவந்து தந்தனாங்கள்தானே. திருப்பி விட்டது ஆர்?" அக்காதான் கேட்டா.
ஆர்? நான்தான்.

மார்ச் 13
தலைமை அலுவலகத்துக்கு அழைத்தேன். விதியை மாற்றக் குழு கூடோணுமாம். எப்ப? அடுத்த காலாண்டு. பின்னேரம் மழை இருட்டிக்கொண்டு நிக்குது; பெய்தால் பங்கர்த் தண்ணி கிணற்றுக்குத்தான். அதையும் குழு கூடும்வரை பொறுக்கச் சொல்லலாம்.
நாளைக்குச் சேர்த்த டிவியளை ஏத்த லொறி வருது.

மார்ச் 14, சனி
விடிய நானும் அண்ணையும் பங்கருக்குள் இறங்கினோம். "பதினைஞ்சு வருசத்துக்குப் பிறகும் இதுக்கை இறக்கிப்போட்டாயேடா" என்று முழுக்கப் புறுபுறுத்தார். மூன்று டியூப் நொறுங்கிக் கிடந்தது. துண்டு துண்டாகப் பொறுக்கி உரப்பையில் கட்டினோம். ஏறி வந்தபோது அக்கா குடத்தோடு பக்கத்து வளவுக் கிணற்றுக்குப் போய்க்கொண்டிருந்தா.
எல்லாத்தையும் நிலையத்துக்கு ஏற்றிவந்து, பதிவேட்டில் வடிவான கையெழுத்தில் எழுதினேன்: முழு டிவி — 17.
லொறிக்காரர் உரப்பையைத் திறந்து பார்த்தார். "இதிலை எது தம்பி டிவி?"
"கையெழுத்தைப் போடுங்கோ அண்ணை."
போட்டார்.