பிளிமத்தில் நீங்கள் சொன்னது

அத்தான்,

போன சனிக்கிழமை அக்காவுக்குக் கெல்லர் நிலவறையை ஒதுக்கிக் கொடுக்கப் போயிருந்தேன். லாங்கன்தால் வீடு தனி ஒருத்திக்குப் பெரிது என்று இரண்டு அறை வீடு பார்த்திருக்கிறார். நிலவறையின் மூலையில், பிள்ளைகளின் பழைய பனிச்சப்பாத்துகளுக்குப் பின்னால் ஒரு பெட்டி. திறந்தால் உங்கள் மஞ்சள் ரீசேர்ட். முதுகில் "சூசைப்பிள்ளை குடும்பம்" என்று கொட்டை எழுத்தில். அமெரிக்கப் பயணத்தில் பத்தொன்பது பேரில் ஒருவரும் தொலையக் கூடாது என்று நீங்கள்தான் எல்லோருக்கும் ஒரே நிறத்தில் அடிப்பித்தீர்கள். மாமனாரின் பெயரைப் போட்டு நல்ல மருமகன் என்று பேர் வாங்கிவிட்டீர்கள் என்று பெரியண்ணை உங்களைப் பகிடி பண்ணினார்.

முகர்ந்து பார்த்தேன். பூஞ்சண வாசம்தான் இருந்தது. எனக்கு என்னவோ பிளிமத்தில் பார்த்த அந்த மர வீட்டின் விறகுப் புகைதான் மூக்கில் ஏறியது. "இதைக் குடுக்கிற பையில போடுவமோ?" என்று அக்கா கேட்டார். என்னிடம் இருக்கட்டும் என்று வாங்கிக்கொண்டேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்குத் தெரியாது.

ஊரில் யுத்தம் முடிந்து சில வருடங்களுக்குப் பிறகு வந்த கோடை அது. உங்களுக்கு இந்த நாட்டுச் சிவப்புப் பாஸ்போர்ட் கையில் கிடைத்த கையோடு, பொஸ்டனில் பெரியண்ணையின் இருபத்தைந்தாவது திருமண நாளுக்குக் குடும்பமாகப் போனோம். பிள்ளைகள் நயாகரா என்றார்கள். அக்கா கடைத்தெரு என்றார். நீங்கள் ஒரே பிடியாகப் பிளிமத் என்றீர்கள். "அமெரிக்காவுக்கு முதல் வந்த அகதியளைப் பாக்காமல் என்னெண்டு திரும்பிறது? வேதத்துக்காகக் கடல் தாண்டின சனமல்லோ!" பெரியண்ணை சிரித்தார். "அவங்கள் எங்களை மாதிரிக் கத்தோலிக்கரைக் கண்டிருந்தால் கலைச்செல்லோ விட்டிருப்பாங்கள்." நீங்கள் விடவில்லை. "அகதிக்கு அகதி அதெல்லாம் பாக்கிறேல்ல." இரண்டு வான்களில் பாணும் சம்பலும் கட்டிக்கொண்டு புறப்பட்டோம்.

நானூறு வருடத்துக்கு முந்திய கிராமத்தை அப்படியே கட்டி வைத்திருந்தார்கள். புல் வேய்ந்த கூரை, மர வேலி, ஆடு. அந்தக் காலத்து உடுப்போடு ஆட்கள் வேலை செய்துகொண்டிருந்தார்கள். என்ன கேட்டாலும் அந்தக் காலத்து ஆட்களாகவே பதில் சொன்னார்கள். ஒரு வீட்டுக்குள் வெள்ளைத் தொப்பி போட்ட பெண் ஒருவர் அடுப்பில் கஞ்சி மாதிரி ஏதோ கிண்டிக்கொண்டிருந்தார். நீங்கள் அவருக்கு முன்னால் மர வாங்கில் அமர்ந்து, பேர்ணில் உங்கள் அகதி வழக்கை விசாரித்த அதிகாரியின் முகத்தை வைத்துக்கொண்டீர்கள். மொழிபெயர்ப்பு வழக்கம் போல நான். பத்து வயதிலிருந்து பள்ளிக்கூடம், டொக்டர், அரசாங்கக் கந்தோர் என்று இந்தக் குடும்பத்துக்கு அதுதானே என் வேலை.

"கேளும் பிள்ளை. என்ன கப்பலில வந்தனீங்கள்? கடலில எத்தினை நாள்?"

அறுபத்தாறு நாள் என்றார் அந்தப் பெண்.

"உங்கட நாட்டில வேற பக்கத்தில போய்ப் பாதுகாப்பா இருந்திருக்கேலாதோ?"

அந்தக் கேள்வியை உங்களிடம் எத்தனை தடவை கேட்டார்கள் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். வீடே சிரித்தது. அவர் கரண்டியை வைத்துவிட்டு, முதலில் ஹொலண்டுக்குத்தான் போனோம், அங்கேயும் இருக்க முடியவில்லை என்று சீரியசாகச் சொன்னார். நீங்கள் தலையை ஆட்டினீர்கள். "ஆதாரம் காணாது. உமக்கு நெகட்டிவ்தான், அம்மா!" அக்காவுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணீர் வந்தது. பாதி புகையால் வந்தது. படம் எடுக்க வெளிச்சம் போகிறது என்று பெரியண்ணை வாசலில் நின்று கத்த, இருமிக்கொண்டு எல்லோரும் வெளியே போனார்கள். நீங்கள் எழும்பவில்லை. நானும் நின்றேன்.

"எத்தினை பேர் செத்தவை எண்டு கேளும்."

முதல் குளிர்காலத்திலேயே பாதிப் பேர் என்றார் அவர். கல்லறைகள் எங்கே என்று கேட்கச் சொன்னீர்கள். கல் வைக்கவில்லை, மண்ணைச் சமமாக்கி மேலே சோளம் விதைத்துவிட்டோம், நாங்கள் எத்தனை பேர் குறைந்தோம் என்று வெளியில் பார்ப்பவர்களுக்குத் தெரியக் கூடாது என்றார் அவர். நான் தமிழில் சொன்னேன்.

அடுப்பைப் பார்த்தபடி நீங்கள் சொன்னீர்கள்: "நானும் அப்பிடித்தான் செய்தனான் எண்டு சொல்லும்."

அடுத்த பகிடி என்று நினைத்து நான் சிரித்தேன் அத்தான். அந்தச் சிரிப்பை என்னால் இன்றைக்கும் மன்னிக்க முடியவில்லை.

"சொல்லும் பிள்ளை. என்ர தம்பி சீலன். வாற வழியில, காட்டுக்குள்ள, காய்ச்சலில. போலந்தோ அதுக்கு முந்தின நாடோ, எனக்குத் தெரியாது. கூட்டிக்கொண்டு வந்த ஏஜென்சிக்காரன் நிக்க விடேல்ல. கையால கிண்டித் தாட்டனான். பொலிஸ் கண்டால் மிச்சப் பேரையும் பிடிப்பாங்கள் எண்டு மேல சருகு பரவி விட்டிட்டு வந்தனான். அம்மாவுக்குச் சீலன் பிரான்சில எண்டு சொல்லி வைச்சிருக்கிறன்."

நாங்கள் எல்லோரும் நம்பியதும் அதைத்தான். விசா இல்லை, அதனால் போன் எடுக்கப் பயம், பதுங்கித் திரிகிறான் என்று நீங்கள் சொன்னதை மன்னாரில் உங்கள் அம்மா நம்பினார், அக்கா நம்பினார். கிறிஸ்மசுக்குச் சீலன் தந்துவிட்டது என்று ஊருக்குப் போகிறவர்களிடம் ஒரு சேலை கொடுத்தனுப்புவீர்கள். அதையும் நம்பினோம்.

என் வாய் பழக்கத்தில் மொழிபெயர்த்துக்கொண்டே போனது. சருகு என்பதற்கு இங்கிலீஷ் வரவில்லை. இலை என்று சொன்னேன். அந்தப் பெண் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். பிறகு சாதாரண அமெரிக்கக் குரலில், "ஐ ஆம் சோ சொறி, சேர்" என்றார். வெளியிலிருந்து பெரியண்ணை மறுபடி கத்தினார்.

அந்தப் படம் இப்போதும் அக்காவின் வரவேற்பறையில் இருக்கிறது. நடுவில் நீங்கள்தான் பெரிதாகச் சிரிக்கிறீர்கள்.

திரும்பும் வழியில் வானுக்குள் செபமாலை. பத்துப் பத்து மணியாக ஒவ்வொரு காரணிக்கம் முடியவும் அக்கா வழமையான மன்றாட்டைச் சொன்னார்: "பிரான்சில இருக்கிற சீலனுக்கு விசா கிடைக்க வேணுமெண்டு மன்றாடுவம்." நீங்கள் ஆமென் சொன்னீர்கள். கண்ணாடியில் என்னைப் பார்த்தீர்கள். நானும் சொன்னேன். ஐந்து தடவை.

எங்களிடம் சொல்லாததை, முன்பின் தெரியாத அந்தப் பெண்ணிடம் ஏன் சொன்னீர்கள் என்று பிறகு உங்களைக் கேட்டேன். "அவ எங்கட ஆளில்லை. நாளைக்குக் கோயிலில சந்திக்க மாட்டா." மன்னாருக்கு ஒருமுறை போய் வந்தீர்களே, அம்மாவிடம் சொல்லியிருக்கலாமே என்றேன். "அவனுக்கெண்டு ஒரு கட்டில் போட்டு, நுளம்பு வலையும் கட்டி வைச்சிருக்கிறா. வாய் வரேல்ல." அக்காவுக்கும் சொல்ல வேண்டாம் என்றீர்கள். அம்மா இருக்கும் மட்டும் ஒருவருக்கும் வேண்டாம், பிறகு நானே சொல்லுவன் என்றீர்கள். நானும் தலையாட்டினேன்.

அம்மாவுக்கு முந்தி நீங்கள் போவீர்கள் என்று யார் கண்டது? தொழிற்சாலையில் மெஷினுக்குப் பக்கத்தில் சாய்ந்த நீங்கள் எழும்பவே இல்லை. எனக்கு உங்கள்மேல் கோபம்தான், அத்தான். துக்கத்தைவிடக் கோபம் கூட. சுமக்க முடியாததை என் தலையில் இறக்கிவிட்டு நீங்கள் பாட்டுக்குப் போய்விட்டீர்கள். மாமிக்கு, உங்கள் அம்மாவுக்கு, வர விசா கிடைக்கவில்லை. உங்கள் அடக்கத்தைப் போனில்தான் பார்த்தார். அதற்குள்ளும் சீலன் எந்த வரிசையில் நிற்கிறான் என்று தேடினாராம்.

அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்குப் போன் எடுக்கிறார். "நீர்தானே எல்லாருக்கும் கந்தோர்க் கடுதாசி எழுதுறனீர். பிரான்சுக்கும் ஒண்டு எழுதும் பிள்ளை. தமையன்ர ஆண்டுத் திருப்பலிக்காவது அவன் வரவேணும்." காணாமல் போனவர்களைத் தேடும் விண்ணப்பம் ஒன்றை உண்மையாகவே எடுத்து மேசையில் வைத்தேன். எழுதினேன் என்று சொல்லும்போதாவது அது பொய்யாக இருக்கக் கூடாதல்லவா. பெயர், பிறந்த இடம் எல்லாம் நிரப்பினேன். கடைசியாகக் காணப்பட்ட இடம் என்றொரு கோடு இருந்தது. அந்த நாட்டின் பெயர் உங்களுக்கே தெரியாது. பேனையை மூடிவிட்டேன். சொல்லிவிடலாம் என்று எத்தனை ஞாயிறு நினைத்தேன் தெரியுமா? ஒரே வருடத்தில் ஒரு தாயிடமிருந்து இரண்டாவது பிள்ளையையும் எப்படி எடுப்பது?

நேற்று மாமி வேறு மாதிரிக் கேட்டார்.

"சீலனுக்குத் தமையன் செத்தது தெரியுமோ பிள்ளை?"

"ஓம் மாமி. தெரியும்."

"அழுதவனோ?"

நான் சுவரைப் பார்த்தேன். "ஓம் மாமி. கனக்க அழுதவர்."

அந்தப் பக்கத்தில் மாமி பெரிதாக மூச்சு விட்டார். "அப்ப சரி. தமையனெண்டால் அவனுக்கு உயிர்." கொஞ்ச நேரம் விம்மினார். பிறகு, எவ்வளவோ காலத்துக்குப் பிறகு சந்தோசமாக, "அப்ப நீர் அவனோட கதைச்சிருக்கிறீர்! எந்த ஊரில இருக்கிறான்?" என்றார்.

லைன் சரியில்லை, கேட்கவில்லை மாமி என்று போனை வைத்துவிட்டேன். வருகிற ஞாயிறும் எடுப்பார். பிரான்ஸ் என்று மட்டும்தான் நீங்கள் சொல்லி வைத்தீர்கள், அத்தான். நான் இன்னும் ஒரு ஊர் யோசித்து வைக்கவில்லை.