படத்தில் இல்லாத முடிவு

தம்பி முற்றத்தில் படகு இயந்திரத்தைக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவிக்கொண்டிருக்கிறான். அந்த மணம் வீட்டுக்குள் வந்த நேரம் பார்த்துத் தொலைக்காட்சியில், அந்தக் காலத்தில் நாங்கள் முடிவு பார்க்காமல் விட்ட படம் ஓடியது. முப்பது வருடத்துக்குப் பிறகு இன்றைக்குத்தான் அதன் முடிவைப் பார்த்தேன். பார்த்ததிலிருந்து ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. உலையில் அரிசி போட்டேனா என்பதுகூட நினைவில்லை. நீ போய்ச் சேர்ந்து ஏழு மாதமாகிறது என்பதெல்லாம் ஒரு சாட்டில்லை. உன்னோடு கதைக்காமல் இது அடங்காது, அதுதான் எழுதுகிறேன்.

மின்சாரமே இல்லாத போர்க்கால ஞாயிறுகள். காலைப் பூசை முடிந்ததும் உங்கள் வீட்டு ஜன்னல்களுக்குச் சாக்குக் கட்டிவிட்டுப் படம் போடுவார்கள். ஆளுக்கு அரைப் போத்தல் மண்ணெண்ணெய்தான் நுழைவுச்சீட்டு. எங்கள் ஆட்களின் அரை எப்போதும் கால்தானே. அதனால் கடைசிக் கட்டம் வருமுன்னரே ஜெனரேற்றர் இருமி நின்றுவிடும். ஒரு படத்தையும் நாங்கள் முழுதாகப் பார்த்ததில்லை. எல்லோரும் உன்னைத் திரும்பிப் பார்ப்போம். ஏற்கெனவே யாரிடமோ கதை கேட்டுவிட்டதாகச் சொல்லி, மிச்சத்தை நீதான் முடித்துவைப்பாய்.

இன்றைக்கு ஓடிய இந்தப் படத்தில் கதாநாயகி நியாயம் கேட்டு ஊர்ப் பெரியவனின் வாசலுக்கு வந்தபோது ஜெனரேற்றர் நின்றது. "அவள் உள்ளுக்குப் போனவள். கதிரையில இருக்கச் சொன்னவை, அவள் இருக்கேல்லை. எல்லாற்ரை முகத்தையும் பாத்துக் கேள்வி கேட்டவள். பதில் கிடைக்குமட்டும் அசையேல்லை" என்றாய்.

பிறகொரு வருடம் அப்பா கடலுக்குப் போவதற்கான பாஸை இராணுவ முகாமில் பறித்து வைத்துக்கொண்டார்கள். படகு மூன்று கிழமை கரையில் கிடந்தது. கேட்கப்போக வீட்டு ஆண்கள் ஒருவருக்கும் தைரியமில்லை. நான் போனேன். துணிச்சல்காரி என்று ஊர் இன்றைக்கும் சொல்கிறது. துணிச்சலுமில்லை, மண்ணுமில்லை. நீ சொன்ன அந்தப் பெண்ணைப் போல, இருக்கச் சொல்லியும் இருக்காமல் நின்றேன். பின்னேரம் பாஸைத் தந்தார்கள்.

இன்றைக்குப் பார்க்கிறேன், அவள் வாசலிலிருந்தே திரும்பிவிடுகிறாள். கதாநாயகன் வந்து இருபது பேரை அடித்துப்போடுகிறான். அவள் தூணைப் பிடித்துக்கொண்டு அழுகிறாள். கள்ளி, இல்லாத ஒருத்தியைக் காட்டியா என்னை முகாமுக்கு அனுப்பினாய்?

கோபத்தில் வீட்டுக்குள்ளேயே நடந்தேன். பிறகுதான் உறைத்தது. அப்படியொரு முடிவைச் சொன்ன நீ, உன் புருஷன் கை நீட்டியபோது ஒரு வாசலும் ஏறவில்லை. சித்திரை வெயிலில் முழுக்கைச் சட்டையோடு பூசைக்கு வந்தாய். கேட்டதற்கு, "விடடி, பிள்ளை வளரட்டும்" என்றாய். நானும் விட்டேன். அதுதான் என்னைத் தின்கிறது.

பிள்ளை வளர்ந்துவிட்டாள். போன புதன்கிழமை வந்தாள். கன்னம் வீங்கியிருந்தது. தன் புருஷன்மேல் முறைப்பாடு கொடுக்க வேண்டும், பொலிசுக்குத் துணைக்கு வருவீர்களா என்று கேட்டாள். குடும்பத்தைப் பிரித்தவள் என்று கோயில் பங்குச் சனம் முழுவதும் என்னைத்தான் கதைக்கும். அந்தப் பயத்தில், "ஞாயிறு போகட்டும், யோசிச்சுச் சொல்லுறன்" என்று அனுப்பிவிட்டேன். முகாம் வாசலில் நின்றவள் சொன்ன பதில் அது. எழுதவே வெட்கமாக இருக்கிறது.

நீ கட்டிச் சொன்ன அந்தப் பெண் படத்தில் இல்லாவிட்டால் இல்லாமல் போகட்டும். அவளை எனக்குத் தெரியும். சற்றுமுன் உன் மகளுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"வெளிக்கிடு பிள்ளை, இப்பவே போவம்."

அவள் "அம்மா இருந்திருந்தா என்ன சொல்லியிருப்பா, அன்ரி?" என்றாள்.

உன்னைப் போல நல்லதாக ஒன்றைக் கட்டிச் சொல்ல வாய்வரை வந்தது. வந்ததை விழுங்கிவிட்டேன்.

"கொம்மா ஒருநாளும் போகேல்லை, பிள்ளை. நானும் அவவைக் கூட்டிக்கொண்டு போகேல்லை. அதுதான் வாறன்."