மேடையில் கொடுத்த வாக்கு

தென்காசி,
20-6-82

அன்பு மகன் கைலாசத்துக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லாரும் உடம்புக்குச் சுகம், மனசைப் பற்றிக் கேட்காதே. பதான்கோட் வெயிலில் நீ வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருக்கக் குழல்வாய்மொழி அம்மன் துணையிருப்பாள். குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டது, பசு கிடாரிக் கன்று போட்டிருக்கிறது. உன் தங்கை ஆவுடைத்தாய்க்கு அச்சன்புதூரில் மாப்பிள்ளை பேசி, ஆவணியில் கல்யாணம் என்று அப்பா முடிவு செய்துவிட்டார். பிளஸ் டூவில் நல்ல மார்க், குற்றாலம் காலேஜில் சேர ஆசையாக இருந்தாள், அந்த ஆசையை வளர்த்துவிட்டதே நான்தான்.

மாசியில் அவள் பள்ளிக்கூடத்தில் ருக்மிணி டீச்சர் புதுமாதிரி நாடகம் போட்டாள். பாதியில் நிறுத்திவிட்டு, இனி என்ன செய்யலாம், பார்க்கிறவர்களில் யாராவது வந்து நடித்துக் காட்டுங்கள் என்றாள், அப்போதுதான் பிள்ளைகளுக்கு யோசனை வருமாம். மேலே படிக்கக் கேட்கும் மகளாக நம் ஆவுடை நின்றாள். அப்பா வேஷத்துக்கு ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை. உன் அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மேடை ஏறினார். "நீ படிச்சு முடிக்கிற வரைக்கும் கல்யாணப் பேச்சு நம்ம வாசப்படி ஏறாது, போதுமாட்டி?" என்றார். கைதட்டல் அடங்கவில்லை, பிள்ளை அங்கேயே அழுதுவிட்டாள். நாலு பேர் முன்னால் சொன்ன சொல்லை உங்கப்பா மாற்றமாட்டார் என்று அவளிடம் அடித்துச் சொன்னேன், பாவி.

இப்போது கேட்டால், "அது நாடகம்லா, மேடையில ஏறிட்டு மாட்டேன்னா சொல்லுவாவ?" என்று சிரிக்கிறார். டீச்சர் வீட்டுக்கே வந்து பேசிப் பார்த்தாள், காப்பி கொடுத்து அனுப்பிவிட்டார். வழியனுப்பப் போன ஆவுடை, "அப்பா நல்லா நடிச்சாவ டீச்சர், எனக்குத்தான் நடிக்கத் தெரியல, நெசம்னு நெனச்சு அழுதுட்டேன்" என்றாள். வாசலில் நின்ற என் காதிலும் அது விழுந்தது. நானாவது அவளை நம்ப வைக்காமல் இருந்திருக்கலாம்.

ஆவணிக்கு லீவு போடச் சொல்லி உனக்கு எழுதும்படி அப்பா சொன்னார். நீ அப்படிச் செய்யாதே. பட்டாளத்தில் லீவு இல்லை, தையில்தான் வரமுடியும் என்று அவருக்கு எழுது. ஒரே மகன் நிற்காமல் கல்யாணத்தை நடத்தமாட்டார். அதுவரை வீட்டில் சும்மா இருக்கிறவள் காலேஜுக்குப் போய்வரட்டும் என்று நான் பேசிச் சேர்த்துவிடுவேன், பிறகு நடப்பது நடக்கட்டும். பெற்ற பிள்ளையைப் பொய் எழுதச் சொல்கிறேன், அம்மன் பொறுத்துக்கொள்ளட்டும்.

சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளி. நூறு வயது இரு. இதைப் படித்ததும் கிழித்துப் போடு. உன் முகம் பார்த்து ரெண்டு வருஷம் ஆகிறது, வராதே என்று என் கையாலேயே எழுதும்படி ஆகிவிட்டதே, ஐயா.

உன் அம்மா,
மாரித்தாய்