பன்னிரண்டு வோல்ட் போதும்

என்னங்க,

பதறாதீர்கள். சாமான் அறைக்குள்தான் இருக்கிறேன். பழைய துணி எடுக்க வந்தேன், கதவு சாத்திக்கொண்டது. திறக்கப் போனால், இத்தனை நாள் ஆடிக்கொண்டிருந்த உள்பக்கக் கைப்பிடி கையோடு வந்துவிட்டது. போன் சமையலறையில் அடித்து அடித்து ஓய்ந்துவிட்டது. கத்திப் பார்த்தேன், பக்கத்து வீட்டில் யாருமில்லை.

அதனால் இந்தச் சீட்டைக் கதவுக்கு அடியில் தள்ளுகிறேன். பின்பக்கம் இருப்பது, எந்த டிரில் வாங்குவது என்று மூன்று மாதமாக நீங்கள் எழுதிவரும் பட்டியல். படிக்க வேறொன்றும் இல்லாமல் அதையே நாலு தடவை படித்தேன். பதினோரு மிஷின்! நமக்கு வேண்டியது புதுக் கைப்பிடிக்கு நாலு ஓட்டை. இருப்பதிலேயே விலை குறைந்த பன்னிரண்டு வோல்ட் போதும். வட்டம் போட்டிருக்கிறேன்.

தச்சர் அரை மணியில் முடித்துத் தருகிறேன் என்றார். "நாலு ஓட்டைக்கு ஒரு ஆளா? நானே பாத்துக்கறேன்"னு அனுப்பிவிட்டீர்கள். நேற்று கேட்டதற்கு, "ஏன் உயிரை வாங்கற?" என்றீர்கள்.

சாப்பாடு மேசையில் மூடியிருக்கிறது. என்னைத் திறந்துவிட்டுச் சாப்பிடுங்கள்.

பி.கு.: டிரில் வாங்கக் கடைக்கு ஓடிவிடாதீர்கள். வெளிப்பக்கக் கைப்பிடி நன்றாகத்தான் இருக்கிறது, திருப்பினால் திறக்கும். உங்களுக்கு அவசரம் தெரியாததும் அதனால்தான்.

இன்னொன்று: திறந்ததும் இந்தப் பட்டியலோடு நீங்கள் உள்ளே வாருங்கள். நான் வெளியே போய்க் கதவைச் சாத்துகிறேன். பென்சில் இங்கேயே இருக்கிறது. நிதானமாக யோசியுங்கள்.