பதினொரு சாமான்கள்

பிப்ரவரி 4

அன்புள்ள அக்காவுக்கு,

நீ நல்லபடியாகப் போய்ச் சேர்ந்ததைப் போனில் தெரிந்துகொண்டேன். இங்கே நானும் அம்மாவும் இருக்கிறோம். நலம் என்று எழுதலாம்தான், இன்றைக்குப் பொய் சொல்லக்கூடத் தெம்பில்லை.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்பாய். கண் போன பிறகு அம்மாவுக்குக் காது இரண்டு மடங்காகிவிட்டது. குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு குசுகுசுத்தாலும் "யாரு, பெரியவளா?" என்று குரல் வருகிறது. அவளுக்குத் தெரியாமல் உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டுமென்றால் காகிதம்தான் கதி. பரிசோதனைக் கூடத்தில், சாப்பாட்டு நேரத்தில், ரத்தம் பிடித்த கண்ணாடிக் குழாய்களுக்கு நடுவில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

விஷயம் அம்மாவின் மேசை. நீ வந்திருந்த பத்து நாளும் அதை வைத்தே படம் பிடித்தாய். ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்காது, கேமரா பிடித்த கை மட்டும் இருக்குமா என்று நானும் விட்டுவிட்டேன். காலை ஏழரைக்கு ஓடி மாலை ஐந்துக்குத் திரும்புகிறவளுக்கு நீ என்ன செய்கிறாய் என்று நின்று பார்க்கவும் முடியவில்லை. கிளம்பும்போது, "எல்லாத்தையும் இருந்த மாதிரியே வெச்சுட்டேன்டி" என்றாய். வைக்கவில்லை அக்கா.

நேற்று ஃபிளாஸ்க் இருக்க வேண்டிய இடத்தில் அம்மா கையை நீட்டியிருக்கிறாள். அங்கே ரேடியோ. துழாவிக்கொண்டே போய் ஃபிளாஸ்கைத் தட்டிவிட்டிருக்கிறாள். நல்ல வேளை, தண்ணீர் ஆறிப்போயிருந்தது. தரையைத் தானே துடைத்துவிட்டு ஈரத் துண்டைக் கட்டிலுக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தாள், சின்னப் பிள்ளை மாதிரி. கேட்டால், "பெரியவ ஆசையா எடுத்தா, விடு. அவகிட்ட எதையாவது சொல்லி வெக்காத" என்கிறாள். அவளுடைய பிளாஸ்டிக் டம்ளரைக் காணோம். ஒரு கண்ணாடி டம்ளர் உட்கார்ந்திருக்கிறது.

அந்த மேசையில் பதினொரு சாமான்கள். ஃபிளாஸ்க், டம்ளர், இரண்டு மாத்திரைக் குப்பிகள், கண் சொட்டு மருந்து, ரேடியோ, போன், சீப்பு, பிஸ்கட் டப்பா, சாவி, துண்டு. எது எங்கே என்று அம்மாவின் கைக்குப் பழக இரண்டு வருடம் ஆனது. நான் ஒன்பதரை மணி நேரம் வெளியே இருக்க முடிவது அந்தப் பழக்கத்தால்தான். எங்கள் கூடத்தில் ஒரு குழாய் இடம் மாறினால் ஒருவர் சர்க்கரை இன்னொருவர் தலையில் ஏறிவிடும். அம்மா மேசையும் அப்படித்தான். இந்த நான்கு நாளும் சாப்பிட்ட பிறகு போட வேண்டிய மாத்திரையை வெறும் வயிற்றில் கொடுத்துவிட்டு ஓடி வருகிறேன்.

எது எங்கே இருந்தது என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை என்பதுதான் வெட்கக்கேடு. எனக்குக் கண் இருப்பதால் ஞாபகம் வைத்துக்கொள்ளவே இல்லை. அம்மாவின் கைக்குத் தெரியும், ஆனால் அந்தக் கை இப்போது பயந்துபோயிருக்கிறது.

நீ ஒருமுறை சொன்னாய்: பிறத்தியார் வீட்டில் எதையும் தொடுவதற்கு முன் இருந்தது இருந்தபடி ஒரு படம் எடுத்துவிடுவேன், அது தொழில் நேர்மை என்று. அந்த முதல் படத்தை அனுப்பு. பார்த்து அப்படியே வைத்துவிடுகிறேன்.

களைப்புடன்,
கடுகு


பிப்ரவரி 9

என் கடுகுக்கு,

உனக்கு அந்தப் பெயரை வைத்தது நான்தான், ஆகையால் காரத்தைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு உரிமை இல்லை. அம்மாவுக்கு ஒன்றும் ஆகவில்லையே? மன்னித்துக்கொள். படத்தை இத்துடன் வைத்திருக்கிறேன்.

இங்கே என் பிழைப்பு தெரிந்ததுதான். விளம்பரப் படம்தான்; இந்த வாரம் நாற்பது ஜோடி செருப்பு, எல்லாம் இடப் பக்கம் மூக்கு நீட்டியபடி. போன வாரம் சுவர்க் கடிகாரங்கள். விற்கிற கடிகாரம் பத்து பத்து காட்டினால்தான் முகம் சிரித்தாற்போல் இருக்குமாம், முள்ளைத் திருப்பித் திருப்பி நாள் முழுக்க எனக்கு மணி பத்து பத்துதான். சாயங்காலம் அறைக்கு வந்தால் தட்டில் இருக்கிற சாப்பாட்டைக்கூட வெளிச்சம் எந்தப் பக்கம் என்று பார்த்துவிட்டுத்தான் வாயில் வைக்கிறேன்.

அம்மா வீட்டு ஜன்னல் வெளிச்சம் அப்படி இல்லை. காலை எட்டரைக்குப் பக்கவாட்டில் வரும், அரை மணி இருக்கும், போய்விடும். அந்த அரை மணியில் ஃபிளாஸ்கின் நிழல் டம்ளர் மேல் விழும்போது எனக்கு மூச்சே நின்றுவிடும். அசையாத பொருள்களைப் படமெடுப்பதற்கு ஸ்டில் லைஃப் என்று பெரிய பெயர். நீ உன் பாணியில், "சும்மா கெடக்குற சாமானுக்கு எதுக்கு இத்தனை படம்?" என்று கேட்டாய். சும்மா கிடக்கிற சாமானில்தான் அதைத் தொடுகிற ஆள் தெரிகிறாள். ஆள் நின்றால் முகத்தைப் பார்ப்போம், கதை முடிந்தது. சீப்பு மட்டும் கிடந்தால் அந்தக் கூந்தலை நாம்தான் நினைத்துக்கொள்ள வேண்டும்.

ஒரு சேதி. இங்கே ஒரு காட்சிக் கூடத்தில் என் படங்கள் எட்டைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். பதினாறு வருடத்தில் முதல் தடவை, செருப்பும் கடிகாரமும் இல்லாமல் என் பெயருக்கு ஒரு சுவர். நடுவில் அம்மாவின் மேசை. கீழே வைக்கிற அட்டையில் "இருந்தது இருந்தபடி" என்று எழுதச் சொல்லியிருக்கிறேன். மார்ச் ஐந்தாம் தேதி திறப்பு. சந்தோஷப்படு.

அன்புடன்,
அக்கா


பிப்ரவரி 15

அக்கா,

அம்மா இப்போது நன்றாக இருக்கிறாள். அதை முதலில் எழுதிவிடுகிறேன், மீதியைப் பதறாமல் படி.

உன் படம் வந்த அன்றைக்கே மேசைக்குப் பக்கத்தில் அதை நிறுத்தி வைத்துக்கொண்டு ஒவ்வொரு சாமானாக அடுக்கினேன். படத்தில் இருந்த பிளாஸ்டிக் டம்ளரைக்கூடத் தேடி எடுத்து வைத்தேன். அம்மா தடவிப் பார்த்தாள். "சரியா இருக்காம்மா?" என்றேன். "பெரியவ படம் பொய் சொல்லுமா?" என்றாள். நிம்மதியாக மறுநாள் வேலைக்குப் போனேன்.

ஐந்து மணிக்கு வந்து பார்த்தால் அம்மா நாற்காலியில் தலை தொங்கிக் கிடக்கிறாள். சாப்பாடு மூடியபடியே இருக்கிறது. புடவை வேர்வையில் நனைந்திருக்கிறது. காலை மாத்திரைக்குப் பதில் இரவு மாத்திரையைப் போட்டிருக்கிறாள், அதுவும் வெறும் பிஸ்கட்டுக்கு மேலே; சர்க்கரை ஒரேயடியாக இறங்கிவிட்டது. நினைவு தெளிய ஒன்றரை மணி நேரம் ஆனது. டாக்டர், "ஒன்னோட போச்சு, இன்னொன்னு போட்டிருந்தா என்கிட்ட கேட்க வேண்டியதே இல்ல" என்றார்.

பிறகுதான் குப்பிகளை எடுத்துப் பார்த்தேன். இரண்டும் ஒரே அளவு, ஒரே மூடி. காலை மாத்திரைக் குப்பிக்கு ஒரு ரப்பர் பேண்ட், இரவு மாத்திரைக்கு இரண்டு. இரண்டு வருடத்துக்கு முன்னால் நான் போட்டது. இப்போது இரண்டிலும் ஒவ்வொன்று இருக்கிறது. உன் படத்தைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். அதில் ஒரு குப்பியிலும் ரப்பர் பேண்டே இல்லை.

இது முதல் படம் இல்லை அக்கா. நீ எல்லாவற்றையும் தொட்ட பிறகு எடுத்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம், மூன்று ரப்பர் பேண்டை மறைக்க முடியவில்லை பார்.

நானும் குப்பியைக் கவனித்திருக்க வேண்டும். அந்தப் பங்கை உன் தலையில் கட்டவில்லை. ஆனால் நான் கேட்டது ஒரே ஒரு படம். இல்லை என்று எழுதியிருந்தால் நான் வீட்டிலேயே இருந்திருப்பேன்.

இனி இருக்கத்தான் போகிறேன். மாத முடிவு வரை லீவு போட்டிருக்கிறேன். மார்ச் ஒன்றாம் தேதி வராவிட்டால் வேறு ஆள் பார்த்துக்கொள்வதாக மேலாளர் சொல்லிவிட்டார், அவர்மேல் தப்பில்லை. அம்மா எதையும் தொடுவதில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு, "டம்ளரைக் குடு, துண்டைக் குடு" என்று கேட்கிறாள். ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு "தப்பா நெனைக்காத". அந்த வேலையும் அந்தப் பேருந்தும் அந்தச் சாப்பாட்டு நேரமும்தான் எனக்கென்று இருந்தவை. விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். நீ விருந்தாக வந்து மருந்திலேயே கை வைத்துவிட்டாய்.

உன் படம் அழகாக இருக்கிறது. அதுதான் இன்னும் எரிச்சல். அம்மா கேட்டாள் என்று ஒவ்வொன்றாக விவரித்தேன்: ரேடியோ இடது பக்கம், அதன்மேல் சீப்பு, ஓரத்தில் வெளிச்சம். அவள், "இது பழைய வீட்டு மேசைடி. எனக்குக் கண்ணு தெரிஞ்சப்ப வெச்சிருந்தது" என்றாள்.

உன் தங்கை


பிப்ரவரி 20

கடுகு,

இந்தக் கடிதத்தை நாலு தடவை எழுதிக் கிழித்தேன். எழுத எழுதப் பூசி மெழுகத்தான் வருகிறது. நேராகச் சொல்லிவிடுகிறேன். முதல் படம் என்று ஒன்று இல்லை.

வந்த மறுநாள் காலை அறைக்குள் போனேன், வெளிச்சம் மேசைமேல் இருந்தது, பேராசை வந்துவிட்டது. முதலில் கை போனது ரப்பர் பேண்டுக்குத்தான். ஆஸ்பத்திரி மாதிரி இருந்தது, கழற்றிவிட்டேன். நோயாளியின் மேசை எனக்கு வேண்டாம் என்று தோன்றியது. பிறகு ரேடியோவை நகர்த்தினேன், பிறகு சீப்பு. நான் ஏதோ வெளிச்சத்துக்காக அடுக்குகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அம்மா சொன்னதை நீ எழுதியதும்தான் புரிந்தது. நான் வீட்டை விட்டுக் கிளம்பியபோது என்னை வாசல்வரை வந்து பார்த்துக்கொண்டு நின்ற அம்மாவின் மேசை அது. எனக்குப் பார்க்கிற அம்மா வேண்டியிருந்தாள். இப்போது இருக்கிற அம்மாவை உன்னிடம் விட்டுவிட்டேன்.

ஒவ்வொரு நாளும் அம்மா பக்கத்தில் நாற்காலியில்தான் இருந்தாள். நகர்த்துகிற சத்தமெல்லாம் கேட்டிருக்கும். ஒரு தடவைகூடத் தடுக்கவில்லை. போகும்போது குப்பிக்கொரு ரப்பர் பேண்டை மாட்டிவிட்டேன், அது எதற்கு என்று கேட்கக்கூடத் தோன்றவில்லை. பொருளைப் பார்ப்பதுதான் என் தொழில் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறேன்.

நீ படம் கேட்டபோது இல்லை என்று எழுத மானம் தடுத்தது. கிட்டத்தட்ட அப்படித்தானே இருந்திருக்கும் என்று ஒன்றை எடுத்து உறையில் போட்டேன். அந்தக் கிட்டத்தட்டவில் அம்மா போயிருப்பாள். அதற்கு மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

காட்சிக் கூடத்தில் நடுப் படத்தை எடுத்துவிடச் சொல்லிவிட்டேன். செருப்புக் கம்பெனியிலும் மூன்று மாதத்துக்கு வேறு ஆளைப் பார்க்கச் சொல்லிவிட்டேன். நான் வரட்டுமா? விருந்தாக இல்லை. நீ வேலைக்குப் போ, நான் அம்மாவோடு இருக்கிறேன். மார்ச் ஒன்றாம் தேதி காலை பத்து மணிக்கு வருகிற ரயில் இருக்கிறது. வேண்டாம் என்று சொன்னாலும் சரிதான்.

அக்கா


மார்ச் 1, காலை ஆறரை
மேசையின் மேல்

அக்கா,

நீ இதைப் படிக்கும்போது நான் பரிசோதனைக் கூடத்தில் குழாய்களுக்குச் சீட்டு ஒட்டிக்கொண்டிருப்பேன். உனக்குக் கதவைத் திறந்தது அம்மாவாகத்தான் இருக்கும். "நானே தெறக்குறேன், நீ போ" என்று ஒரே பிடிவாதம். ஏழரையிலிருந்து நீ வருகிற வரை தனியாக இருப்பாள். ஆனாலும் போகிறேன்.

உன்னை வரச் சொல்லி நான் போன் செய்த நாளிலிருந்து அம்மா மேசை முன்னால் உட்கார்ந்துவிட்டாள். எல்லாவற்றையும் கட்டில் மேல் எடுத்து வைக்கச் சொல்லி, வெறும் மேசையை ஓரத்திலிருந்து சாண் போட்டு அளந்தாள். பிறகு ஒவ்வொன்றாக வைத்தாள், எடுத்தாள், வைத்தாள். நாலு நாள். நான் குறுக்கே கை நீட்டினால் அடி விழுந்தது. பழைய வீட்டு இடமும் இல்லை, இரண்டு வருட இடமும் இல்லை, இது புதுசு. நீ வைத்ததில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டாள். கண்ணாடி டம்ளர். ஃபிளாஸ்க் மூக்கு பட்டால் சத்தம் கேட்கிறதாம், தண்ணீர் சிந்துவதில்லை.

ரப்பர் பேண்டுகளை அவளே மாட்டினாள். காலைக்கு ஒன்று, இரவுக்கு இரண்டு. நீயும் ஒரு தடவை கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்த்துவிடு.

சாப்பாடு அடுப்பு மேல். ஒன்பது மணி மாத்திரையைப் போட்டுவிட்டாளா என்று கேட்காதே, கோபம் வரும். குப்பியை எண்ணிப் பார், உள்ளே இருபத்தாறு இருக்க வேண்டும். நான் ஐந்து மணிக்கு வருவேன். வந்ததும் உன்னோடு பேச மாட்டேன், தூங்குவேன். நாளைக்கும் அப்படித்தான். கோபம் இன்னும் இருக்கிறது, அதைத் தூக்கிக்கொண்டு நிற்கத்தான் தெம்பில்லை. நீ வந்துவிட்டாய் என்பது தெரிந்தால் தூக்கம் வரும்.

அந்தப் படத்தை ஏன் எடுக்கச் சொன்னாய்? மாட்டச் சொல். அட்டையை மட்டும் மாற்று. என்ன எழுதலாம் என்று அம்மாவைக் கேட்டேன். "பெரியவ வெச்சதுன்னு எழுதட்டும்" என்றாள்.

கேமராவைக் கொண்டு வந்திருப்பாய், எனக்குத் தெரியும். எடுத்துக்கொள். வெளிச்சம் ஃபிளாஸ்க் மேல் விழாவிட்டால் நீ நகர்ந்து உட்கார்.

மேசையில் இப்போது பன்னிரண்டு சாமான்கள். சீப்புக்கு வலது பக்கம், ஓரத்திலிருந்து நாலு விரல் தள்ளி, அம்மாதான் இந்தக் கடிதத்துக்கு இடம் காட்டினாள். படித்து முடித்ததும் எடுத்த இடத்திலேயே வை. நீ திரும்ப வைத்துவிட்டாயா என்று அவள் தொட்டுப் பார்ப்பாள்.

கடுகு